துரைக்குக் கேட்ட பூ

எங்கள் ஓமலூரில் வாதம் செய்ய ஆள் கிடைக்காமல் ஒருவன் திண்டாடினான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். சரபங்கா ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் வருமா, காங்கிரஸ் மந்திரிசபை நிலைக்குமா, யார் வெட்டும் கிணற்றில் பாறை தட்டும் என்று எதை எடுத்துப் போட்டாலும் சின்னண்ணன் காப்பிக் கடை பெஞ்சில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் காளியப்பன் ஒருவன்தான் மனசில் ஒரு வழக்கை வைத்துக்கொண்டு, எதிர்க்கட்சி கிடைக்காமல் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவன் வழக்கு இதுதான். ஊட்டியில் வருஷா வருஷம் சீசனில் நடக்கும் பெரிய கோல்ஃப் போட்டியில் மில்னர் துரை கோப்பையை ஜெயிப்பாரா, மாட்டாரா?

மில்னர் துரை சேலத்துப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் மானேஜர். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் அவரை மிஞ்சி ஆட ஆள் இல்லை என்று பேர். காளியப்பன் மழையில்லாத ஒரு வருஷத்தில் பிழைப்புத் தேடி சேலத்துக்குப் போய், அந்தக் கிளப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் சேர்ந்தவன். ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறானே என்று துரை தன் மட்டைப் பையைத் தூக்க அவனை வைத்துக்கொண்டார். வருஷம் முழுக்க வெயிலில் அவர் பின்னாலேயே நடப்பான். சீசனுக்கு ஊட்டிக்கும் கூடப் போவான். துரை மூன்று தடவை கோப்பைக்கு வெகு அருகில் போய்க் கோட்டைவிட்டபோது பக்கத்தில் பையோடு நின்றவன் இவன்தான். பை தொங்கித் தொங்கி அவன் வலது தோள் இறங்கிப்போயிற்று. முழங்காலும் வீங்கியது. துரை இளவயசு ஆள் ஒருவனை வைத்துக்கொண்டு, இவனை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார்.

மனைவியைக் காலரா கொண்டுபோய் அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஓமலூருக்குத் திரும்பி வந்தவன் ஒரு கடலைக்காய் மண்டியில் மூட்டை தைக்கிற வேலை பார்த்துக்கொண்டு, மண்டிக்குப் பின்னால் ஓர் அறையில் தானே பொங்கித் தானே தின்று கிடந்தான். அந்த அறையில் பேசுவதற்கு யாரும் இல்லை. வாரக் கடைசியில் பேச்சே மறந்துபோன மாதிரி இருக்கும், அதற்காகவே காப்பிக் கடைக்கு வருவான்.

"ஏனுங்க, இந்த வருசம் எங்க தொரை செயிச்சுப்போடுவாருங்க," என்று ஆரம்பிப்பான்.

"என்ன ஆட்டம்ன்னு சொன்னே?" என்பார் சின்னண்ணன்.

"பந்த மட்டையில அடிச்சு, அக்கட்டால தூரத்துல ஒரு குழியில உழுக வெக்கோணுங்க. எத்தன அடிக்குள்ள உழுகுதுங்கறதுதான் கணக்கு."

"எதுத்தாப்பல வந்து தடுக்கறவன் யாரு?"

"யாருமில்லீங்க. அவரவரு பந்த அவரவரு அடிக்கறதுங்க."

"அடப்போப்பா! தடுக்க ஆளில்லாத ஆட்டத்துல செயிச்சா என்ன, தோத்தா என்ன?"

பெஞ்சு சிரிக்கும். பேச்சு கிணற்றுக்கோ மாட்டுக்கோ போய்விடும். காளியப்பன் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போவான். எனக்கு இந்தச் சின்னண்ணன் மேல் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் தெரியாமலே வாதம் செய்கிறவர், இதற்கும் ஒரு பேச்சுக்கு "மாட்டார்" என்று சொல்லி வைத்திருக்கலாம். அந்த மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.

கடைசியில் "மாட்டார்" என்று சொல்ல ஆள் கிடைத்தது சந்தையில்.

செல்லியம்மாள் மில்னர் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். துரையின் பிள்ளையை, பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்து அவள்தான் வளர்த்தாள். ஏழு வயசானதும் பிள்ளையைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள், ஆயாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. புருஷன் போய்ச் சேர்ந்தது அதற்கும் முன்னால். ஓமலூரில் தம்பி வீட்டுக்கு வந்து ஒண்டிக்கொண்டு, சந்தை நாளில் வெற்றிலை விற்றாள். பங்களாவில் இருந்தபோது காளியப்பனைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அவன் வேலை மைதானத்தோடு நின்றுவிடும், அவள் வேலை வீட்டுக்குள்ளே.

வெற்றிலை வாங்க வந்தவனை அடையாளம் கண்டுகொண்டு அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க பை தூக்கறவரு தானுங்களே?"

"ஆமாங்க. நீங்க பாப்பாவோட ஆயா."

"தொரை எப்படியிருக்காரோ, என்னமோ."

"அவருக்கென்னங்க, இந்த வருசம் கோப்பை அவருக்குத்தானுங்க."

"கிழிச்சாரு," என்றாள் செல்லியம்மாள். "அவராவது செயிக்கறதாவது!"

காளியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தினால் இல்லை. அவன் அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

அன்றிலிருந்து சந்தைக்குச் சந்தை இந்த வழக்கு நடந்தது. அவனுக்குத் துரையின் ஆட்டம் தெரியும், அவளுக்குத் துரையின் குணம் தெரியும். குழிக்கு நூறு கஜத்துக்குள் பந்து வந்துவிட்டால் துரையை அடிக்க ஆளே இல்லை என்பான் அவன். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்குத் தகுந்தபடி மட்டையை மாற்றுகிற புத்தி வேறு யாருக்கு இருக்கிறது என்பான். அதெல்லாம் சரி, பெரிய காரியம் எதுவானாலும் முதல் நாளே துரைக்கு வயிறு கெட்டுவிடும் என்பாள் அவள். சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சமையல்காரனிடம் எரிந்து விழுவார். பெண்டாட்டி துரைசாணி ஒரு பார்வை பார்த்தால் போதும், கை நடுங்கும். மூன்று தடவை அப்படித்தானே போயிற்று என்று கேட்பாள். நடுவில் வெற்றிலை வாங்க வருகிறவர்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர்கள் நிறுத்த மாட்டார்கள். பேச்சு துரையிடமிருந்து பாப்பாவிடம் போனால் மட்டும் செல்லியம்மாள் கொஞ்ச நேரம் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு சும்மா இருப்பாள். அப்போது காளியப்பனும் சும்மா இருப்பான். அந்தச் சும்மா இருத்தலும் அவனுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. இரண்டு வருஷமும் துரை தோற்றார். இரண்டு தடவையும் செல்லியம்மாள் ஆளைக் கிண்டல் செய்தே கொன்றுவிட்டாள். அவனும் அடுத்த வருஷத்துக்குக் கட்சி கட்டிக்கொண்டு வந்தான்.

அவன் மனசுக்குள் வேறொரு நினைப்பும் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் ஒரே சாதி, ஆனால் வேறு வேறு கூட்டம், அதனால் சம்பந்தத்துக்குத் தடையில்லை. தாலி அறுத்தவள் மறுபடியும் ஒருவனோடு வாழப் போவது அவர்களுக்குள் உண்டு. மேளதாளம் இருக்காது. ஒரு சேலை வாங்கிக் கொடுத்து, நாலு பேர் முன்னால் வீட்டுக்கு அழைத்துக்கொள்வது, அவ்வளவே. காளியப்பன் அறையைக் கூட்டும்போது இன்னோர் ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான். இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. சந்தை தவறாமல் போவான், கேட்டுவிட வேண்டும் என்றுதான் போவான், துரையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வருவான்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு சேதி வந்தது. துரைசாணி பிள்ளையைப் பார்க்கச் சீமைக்குப் போய்விட்டாள், துரை தனியாகத்தான் ஊட்டிக்குப் போகிறார் என்று சுரங்கத்து லாரிக்காரன் சொன்னான். காளியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க? பாக்கறதுக்குத் தொரசானி இல்லியே! கை எப்படி நடுங்கும்?"

"அதனாலதான் தோப்பாருங்கறேன்," என்றாள் செல்லியம்மாள். "கையி நடுங்காதுங்க, நெசந்தான். ஆனா தனியா இருக்கற மனுசன் எப்பிடீங்க செயிப்பான்? செயிச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்து யாருகிட்டச் சொல்லுவான்?"

காளியப்பன் சாக்கிலிருந்து எழுந்துகொண்டான். இரண்டு வருஷத்தில் அவன் வழக்கைப் பாதியில் விட்டு வந்தது அன்றுதான்.

அவன் முகம் செத்துப் போயிருந்ததைப் பார்த்துச் சின்னண்ணன் என்னவென்று விசாரித்தார். விசாரித்ததும் காப்பிக் கடை பெஞ்சு முழுக்க விழித்துக்கொண்டது. துரை தனியாகப் போகிறார் என்பது ஆட்டம் தெரியாதவர்களுக்கும் புரிகிற விஷயம். பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் ஆம்பிளைக்கு நல்லதா கெட்டதா என்று ஒரே நிமிஷத்தில் கட்சி பிரிந்தது. ஒரு வாரம் ஊரில் வேறு பேச்சே இல்லை. ஆற்றையும் மந்திரிசபையையும் மறந்துவிட்டார்கள். சண்டை முற்றிக் கைகலப்புக்கு வரும்போல் ஆனதும் சின்னண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

"எதுக்கப்பா வெறும் வாயி? செல்லாண்டியம்மங்கிட்டப் பூக்கேட்டுப் போடலாம்."

பூக்கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது. வெள்ளை அரளியை ஓர் இலையிலும், செவ்வரளியை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கேட்க வேண்டியதை மனசில் நினைத்துக்கொண்டு கும்பிட்டால், பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். சிவப்பு வந்த காரியத்தை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பதும் கிடையாது, அது அம்மனைச் சோதிக்கிற மாதிரி. வெள்ளைக்காரன் பந்தடிப்பதற்கு அம்மனைக் கூப்பிட்டது எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும்.

சந்தைக்கு மறுநாள் காலையில் கோயிலில் நல்ல கூட்டம். துரை ஜெயிப்பார் என்பது காளியப்பன் கட்சி, தோற்பார் என்பது செல்லியம்மாள் கட்சி, அதனால் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி சடையனுக்குப் பழக்க தோஷம். கல்யாணத்துக்குப் பூக்கேட்க வருகிறவர்களைச் சொல்வதுபோலவே சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேரும் நெருங்கி நில்லுங்க சாமி. மனசுல ஒண்ணா நெனச்சுக்குங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செல்லியம்மாள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓர் அடி அவன் பக்கம் நகர்ந்து நின்றாள். கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள்.

காளியப்பன் துரையை நினைக்கத்தான் பார்த்தான். ஊட்டி மைதானம் மனசில் வந்தது, துரையின் தொப்பி வந்தது. சடையன் குனிந்து பொட்டலத்தில் கை வைக்கிற நேரத்தில், பக்கத்தில் நிற்கிறவளின் மூச்சு அவனுக்குக் கேட்டது. அவ்வளவுதான், துரை எங்கேயோ போய்விட்டார். 'தாயே, இவளை என் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?' என்று கேட்டுவிட்டான்.

சடையன் பிரித்தார். சிவப்பு.

"தொரை தோத்தாரு!" என்று பாதிக் கூட்டம் கத்தியது. செல்லியம்மாள் அவனைப் பார்த்துக் கண்ணில் குறும்போடு, "நாந்தான் சொன்னனுங்களே," என்றாள். காளியப்பன் சட்டையில்லாத தோளில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மண்டிக்கு நடந்தான். மூட்டை தைக்கும்போது ஊசி கையில் ஏறியதுகூட அவனுக்குத் தெரியவில்லை என்று மண்டியில் சொன்னார்கள்.

அடுத்த மாதம் லாரிக்காரன் வந்து காப்பிக் கடை முன்னால் வண்டியை நிறுத்திக் கத்தினான். துரை கோப்பையோடு திரும்பிவிட்டாராம். பங்களாவில் வேலைக்காரர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாராம்.

பதினைந்து வருஷம் பை தூக்கியவனுக்கு அன்று எப்படி இருந்திருக்க வேண்டும்! ஊரே அவனைத் தோளில் தட்டியது. சின்னண்ணன் காசு வாங்காமல் காப்பி கொடுத்தார். அவன் குடித்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். துரை பங்களாவுக்குள் கோப்பையை எங்கே வைத்திருப்பார், யாரிடம் காட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தான். அவனுக்குத் துக்கம்தான் வந்தது.

ஊருக்கு வேறு துக்கம். அம்மன் வாக்குப் பொய்த்துவிட்டது. சிவப்பு கொடுத்தாளே, துரை எப்படி ஜெயித்தார்? முதலில் கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு வினையாயிற்று. போன வருஷம் சிவப்பு வந்ததால் ஒரு சம்பந்தத்தை விட்டவர்கள், வெள்ளை வந்து வெட்டிய கிணற்றில் தண்ணீர் காணாதவர்கள் எல்லாரும் சடையனைப் பிடித்துக்கொண்டார்கள். கோயிலுக்குப் போகிற கூட்டம் குறைந்தது. சடையன் ஒருநாள் மண்டிக்கே வந்துவிட்டார். பெரிய மனுஷன், அழாத குறை.

"காளியப்பா, நெசத்தச் சொல்லு. அன்னிக்கு நீ ஒழுங்காத்தான் நெனச்சியா?"

"நாளைக்குச் சொல்றனுங்க," என்றான் காளியப்பன்.

எனக்கு இன்றைக்கும் இந்த இடத்தில் கோபம் வரும். பைத்தியக்காரன், சும்மா இருந்திருக்கலாம். அம்மன் வாக்கை நம்புவதற்கில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்புப் பூவுக்கு அப்போது ஒரு மதிப்பும் இல்லை. ஒரு சேலையை வாங்கிக்கொண்டு நேராகச் செல்லியம்மாள் முன்னால் போய் நின்றிருந்தால் யார் என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் அவனுக்குத் தெரியும், அம்மன் பொய் சொல்லவில்லை. அம்மனிடம் அவன் கேட்டது துரையைப் பற்றி இல்லை. கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருந்தாள். தனக்காக ஒரு தெய்வத்தின் பேர் கெட வேண்டுமா என்று அவனுக்குத் தோன்றியது. வீணாய்ப் போன நல்லவர்களுக்கு இப்படித்தான் தோன்றும்.

மறுநாள் அவன் சடையனிடம் போகவில்லை, முதலில் செல்லியம்மாளிடம் போனான். அவள் தம்பி வீட்டு வாசலில் வெற்றிலைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. செயிச்சுப்போட்டீங்க. வந்து பேசுவீங்கன்னு பாத்தா ஆளையே காணோம்."

"நானு தொரைக்குப் பூக்கேக்கலீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தொரைய நெனக்கத்தான் பாத்தனுங்க. முடியல. நம்ம ரெண்டு பேரைப் பத்திக் கேட்டுப்போட்டனுங்க. உங்களை என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமான்னு."

செல்லியம்மாள் கையில் இருந்த வெற்றிலையைக் கட்டோடு சேர்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் வைத்தாள்.

"அதுக்கா செகப்பு வந்துச்சு?"

"அதுக்குத்தானுங்க."

"ஏனுங்க, அம்மனைக் கேட்டீங்களே, என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவன் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"என்னையக் கேட்டிருந்தா, பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு வந்திருப்பனுங்களே."

"இப்பக் கேக்கறனுங்க."

"இப்ப எப்பிடீங்க முடியும்?" என்றாள் செல்லியம்மாள். "தெரியாம இருந்திருந்தா வேற. இப்பத் தெரிஞ்சு போச்சே. செகப்பு வந்ததத் தாண்டி நானு எப்பிடி உங்க ஊட்டு வாசப்படி ஏறுவேன்? ஏறுனா உங்களுக்கு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா? ஒருத்தரை எமனுக்குக் குடுத்தது போதாதுங்களா எனக்கு?"

வெற்றிலைக் கட்டை இறுக்கிக் கட்டிவிட்டு அவளே சொன்னாள். "போயிப் பூசாரிகிட்டச் சொல்லீருங்க. அம்மன் பேரு கெடக்கூடாது."

காளியப்பன் போய்ச் சொன்னான். சடையன் ஓட்டமாக ஓடி ஊர் முழுக்கச் சொன்னார். செல்லாண்டியம்மன் வாக்கு ஒருநாளும் தப்பாது என்று மறுபடியும் நிலைத்தது, கோயிலில் முன்னைவிட இரண்டு மடங்கு கூட்டம். அம்மனைப் பார்த்துச் சிரித்த ஊர் காளியப்பனைப் பார்த்துச் சிரித்தது. அம்பது வயசில் ஆசையைப் பார் என்று பெஞ்சில் ஒரு மாதம் ஓடியது. அவன் காப்பிக் கடைப் பக்கமே போகவில்லை. சந்தைக்கும் சில வாரம் போகவில்லை.

அப்புறம் ஒரு சந்தை நாளில், அறையில் இருக்க முடியாமல் எழுந்து போனான். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனான். செல்லியம்மாள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வெற்றிலை வாங்குகிறவர்கள் நாலு பேர் நின்றார்கள், காதைத் தீட்டிக்கொண்டு. அவள் சாக்கை உதறி வழக்கமான இடத்தில் போட்டாள்.

"வாங்கண்ணா, உக்காருங்க," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அடுத்த வருசம் உங்க தொரை செயிக்க மாட்டாருங்கண்ணா."

அதற்கு முன்னால் அவள் அவனை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை. நின்றவர்கள் வெற்றிலையை வாங்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். காளியப்பன் சாக்கின் மேல் உட்கார்ந்தான். ஜெயிப்பார் என்று சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.